வீட்டுக்குள் மரம்: கரிசல் பூமியில் எதை வைக்கலாம், எப்படிக் காப்பாற்றலாம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வறண்ட பூமியில் இருக்கிறது குமாரலிங்கபுரம். அங்கே என் அத்தை வீட்டில் போன வருஷம் புதுமனை புகுவிழா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் லீவில் வந்திருந்தான். அவன் ஆபீஸ் வாசலில் தினம் பார்க்கிற செடியாம். அதே மாதிரி ஒன்று நம் வீட்டிலும் இருக்கட்டும் என்று மதுரையில் ஒரு நர்சரியில் ஆளுயர ரப்பர் செடி வாங்கி வந்தான். வெள்ளை பீங்கான் தொட்டியோடு அதை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து நான் போனபோது பாதி இலை இல்லை. மிச்சம் இருந்ததும் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய்யா, தினம் ரெண்டு சொம்பு ஊத்துறேன். ஒரு நா தப்பல. அதுவும் போர் தண்ணி இல்ல, நாம குடிக்கிற தண்ணி. அப்பவும் கொட்டிக்கிட்டே இருக்கே" என்றார் அத்தை. "வீடியோ கால்ல வந்தா அவன் மொதல்ல செடியத்தான் காட்டச் சொல்றான். நேத்து நல்லா இருக்கிற பக்கமாத் திருப்பி வச்சுக் காட்டுனேன்."

செடியைத் தொட்டியிலிருந்து வெளியே தூக்கினேன். அடியில் மூன்று விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர். சாக்கடை நாற்றம். அந்தப் பீங்கான் தொட்டியில் ஓட்டையே இல்லை. குடம் குடமாகக் காத்திருந்து பிடித்த தண்ணீரில்தான் அந்தச் செடியின் வேர் அழுகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் மரம் வளர்ப்பது பெருநகர அப்பார்ட்மென்டில் இருந்து இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாண நாளுக்கும் செடி பரிசளிக்கிறோம். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. யூடியூப் வீடியோக்களில் பாதி குளிர் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்டவை. நம் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் எது பொருந்தும்? பார்க்கலாம்.

வீட்டுக்குள் வைப்பது உண்மையிலேயே மரம்தானா?

ஆமாம், மரமேதான். தொட்டிக்குள் வேரும் கூரைக்குக் கீழே வெளிச்சமும் குறைவாக இருப்பதால் அது சின்னதாக நிற்கிறது. ரப்பர் செடி என்று நாம் சொல்வதன் தாவரவியல் பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். காட்டில் இது 30 மீட்டருக்கு மேல் வளரும்.

இதன் சொந்த ஊர் வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி மியான்மர், மலேசியா, இந்தோனேசியா வரை நீள்கிறது. மேகாலயாவில் காசி, ஜைந்தியா மலைகளில் உள்ள மக்கள் இந்த மரத்தின் விழுதுகளை ஓடைக்கு மேல் இழுத்து, பின்னி, வளரவிட்டு நடைபாலமாக்குகிறார்கள். ஒரு பாலம் ஆள் நடக்கும் அளவுக்கு உறுதியாக 15, 20 வருஷம் ஆகும். இந்த வேர்ப் பாலங்கள் 2022ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதே மலைப்பகுதியில் உள்ள மௌசின்ராமில் வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் டயருக்குப் பால் எடுக்கிற ரப்பர் மரம் வேறு. அது தென் அமெரிக்காவின் ஹீவியா மரம். ஹாலில் வைப்பது அதல்ல.

கடையில் பளபளப்பாக இருந்த செடி வீட்டுக்கு வந்ததும் ஏன் இலை கொட்டுகிறது?

தமிழ்நாட்டு நர்சரிகளில் விற்கும் அலங்காரச் செடிகளில் நிறைய ஆந்திரத்தில் இருந்து லாரியில் வருபவை. ராஜமுந்திரி அருகே கடியம் என்ற ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான நர்சரிகள் இருக்கின்றன. கோதாவரிப் பாசன நிலம். காற்றில் எப்போதும் ஈரம். தலைக்கு மேல் பச்சை நிழல்வலை. அங்கே தினம் தண்ணீர் குடித்து வளர்ந்த செடியை திடீரென்று மின்விசிறி சுற்றுகிற, அனல் அடிக்கிற ஹாலில் கொண்டுவந்து வைக்கிறோம்.

இலை என்பது செடியின் அடுப்படி. வெளிச்சம் நிறைய உள்ள இடத்தில் உருவான இலை, இருட்டான மூலையில் தன் செலவுக்கே சம்பாதிக்க முடியாது. அதனால் செடி அந்த இலைகளைக் கழற்றிவிட்டு, புது இடத்துக்கு ஏற்ற இலைகளை விட ஆரம்பிக்கும். வந்த முதல் மாதத்தில் ஐந்தாறு இலை விழுவது சகஜம். அதைப் பார்த்துப் பதறி இடத்தை மாற்றுவது, உரம் போடுவது, கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் சேர்ந்தால்தான் ஆபத்து. புதுமருமகளை மாதிரிதான், கொஞ்ச நாள் தொந்தரவு பண்ணாமல் விட்டாலே பாதி சரியாகிவிடும்.

செடி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் ஜன்னலைப் பாருங்கள். செடியைப் பிறகு பார்க்கலாம்.

வெட்டவெளியில் உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. வீட்டு ஹாலின் நடுவே அது 100, 200 லக்ஸ்தான் இருக்கும். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் 'நல்லா வெளிச்சமாத்தான இருக்கு' என்று தோன்றும். செடிக்கு அது அமாவாசை.

எளிதாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. பகல் 12 மணிக்கு, செடி வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். கை நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அங்கே மரம் வளரும். விளிம்பு கலங்கிய நிழலாக இருந்தால் ரப்பர் செடி, டிரசீனா போன்றவை சமாளிக்கும். நிழலே தெரியவில்லை என்றால் அங்கே எந்த மரமும் வேண்டாம். மருள் இனத்தைச் சேர்ந்த பாம்புச் செடி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதுவும் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எந்தத் திசை ஜன்னல்? வெளிநாட்டு வீடியோக்கள் 'தெற்கு ஜன்னல்' என்று சொல்லும். அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்து போகும். அருப்புக்கோட்டை இருப்பது வடக்கு அட்சரேகையில் ஒன்பதரை டிகிரியில். சித்திரை பிறக்கிற நாளையொட்டி மத்தியானச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன்பின் ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் இருக்கும். தெற்கு ஜன்னலில் வெயில் நன்றாக விழுவது ஐப்பசியில் இருந்து மாசி வரைதான். ஆகவே நம் ஊர் வீட்டுக்குக் கிழக்கு ஜன்னல் உத்தமம். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் இலையில் பட்டால் போதும். மேற்கு ஜன்னலில் பங்குனி, சித்திரை வெயில் இலையைப் பொசுக்கிவிடும். அங்கே வைத்தே ஆக வேண்டுமானால் நடுவில் ஒரு மெல்லிய திரை போடுங்கள்.

வறண்ட ஊருக்கு எந்த மரம் தாங்கும்?

ரப்பர் செடி: மழைக்காட்டு மரமாக இருந்தாலும் இலை தடிமனாக, மெழுகு பூசினமாதிரி இருப்பதால் நீரை வேகமாக இழக்காது. வறண்ட காற்றைத் தாங்கும். கரும்பச்சை, கருஞ்சிவப்பு இலை ரகங்கள் குறைந்த வெளிச்சத்தைச் சமாளிக்கும். வெள்ளை, ரோஸ் புள்ளி போட்ட ரகங்களில் பச்சையம் குறைவு. அவற்றுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

போனிடெயில் பாம்: பெயரில் பாம் இருந்தாலும் பனை வகை இல்லை. மெக்சிகோவின் வறண்ட பகுதியைச் சேர்ந்தது. அடித்தண்டு யானைக்கால் மாதிரி உப்பி இருக்கும். அதற்குள் தண்ணீரைச் சேமித்துவைக்கும். பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போய்வந்தாலும் கவலை இல்லை. ஜன்னலை ஒட்டிய வெளிச்சம் மட்டும் கட்டாயம்.

கல் இச்சி: ஆலுக்கு உறவு. நர்சரியில் 'பைக்கஸ் போன்சாய்' என்று குண்டு வேரோடு விற்பது பெரும்பாலும் இதுதான். வெட்டினால் துளிர்க்கும், வெயிலும் தாங்கும். வாசல் திண்ணை, போர்டிகோ, கிழக்கு ஜன்னல் மூன்றும் இதற்கு ஒத்துவரும்.

டிரசீனா: வெளிச்சம் குறைந்த அறைக்கு ஏற்றது. ஆனால் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் இருந்தால் இலை நுனி பழுப்பாகும். மழைத் தண்ணீரோ சுத்தமான தண்ணீரோ கிடைத்தால் வாங்கலாம்.

எதைத் தவிர்க்கலாம்?

படத்தில் பார்த்து ஆசைப்படுகிற சில மரங்கள் நம் காற்றுக்குச் சரிவராது. பிடில் இலை அத்தி மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். காற்றில் ஈரம் குறைந்தால் இலை ஓரம் கருகும். ஃபைகஸ் பெஞ்சமினா இடம் மாறினாலே மொத்த இலையையும் உதிர்த்துக் கோபத்தைக் காட்டும். அரிக்கா பாம் மடகாஸ்கரில் இருந்து வந்தது. வறண்ட அறையில் அதன் ஓலை நுனி காய்ந்து, சிலந்திப்பேன் ஏறிவிடும். 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கும் அரக்கேரியாவுக்குக் குளுமை வேண்டும். இவற்றை வளர்க்கவே முடியாது என்றில்லை. நம் ஊரில் அவற்றுக்கு ஆகிற தண்ணீரும் கவனிப்பும் அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆலமரத்தை வீட்டுக்குள் வைக்கலாமா?

"ஆலமரத்த யாராச்சும் வீட்டுக்குள்ள வப்பாகளா?" என்று அத்தை கேட்டார். வைக்கிறார்கள். நம் கண்மாய்க்கரை ஆலமரத்தையே வெளிநாடுகளில் 'ஃபைகஸ் ஆட்ரி' என்ற பெயரில் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். வறட்சி தாங்குவதில் இதற்கு ஈடு குறைவு.

ஆனால் அத்தையின் பயத்தில் நியாயம் இருக்கிறது. காக்கை எச்சத்தில் விழுந்த ஆல விதை கைப்பிடிச் சுவரைப் பிளப்பதையும் கோபுரத்தில் கல்லைப் பெயர்ப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். தொட்டி ஆலை மொட்டை மாடியிலோ சுவரை ஒட்டியோ மண்மேல் வைக்காதீர்கள். ஓட்டை வழியே வேர் வெளியேறி விரிசலைத் தேடும். தொட்டியை ஸ்டாண்ட் மேல் வையுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, கிளையையும் அதே அளவு குறைத்து, புது மண்ணில் வையுங்கள். அதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் ஆலைக் கண்மாய்க்கரையிலேயே விட்டுவிடலாம்.

தொட்டியும் மண்ணும் எப்படி இருக்க வேண்டும்?

ஓட்டை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் செடியை நடாதீர்கள். பரிசாக வந்துவிட்டால் அதை வெளிக்கூடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செடி உள்ளே ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, ஊற்றி, முழுக்க வடிந்தபிறகு திரும்ப உள்ளே வையுங்கள்.

மண் தொட்டி மூச்சுவிடும். தண்ணீர் சுவர் வழியாகவும் ஆவியாகும். அதிகமாக ஊற்றுகிற கைக்கு மண் தொட்டி நல்லது. மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக் தொட்டி நல்லது.

தோட்டத்துக் கரிசல் மண்ணை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். பருத்திக்கு அது தங்கம். தொட்டியில் அது நனைந்தால் களியாகி நீரைப் பிடித்துவைக்கும். காய்ந்தால் சுருங்கி வெடித்து, ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து வேரில் படாமலே கீழே போய்விடும். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டுச் சாணி எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, உடைத்த செங்கல் சல்லி அல்லது பருமணல் ஒரு பங்கு என்று கலந்தால் போதும். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். அதிலும் உப்பு உண்டு.

தொட்டியை மாற்றும்போது பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக எடுங்கள். 'ஒரேடியா பெருசுல வச்சுட்டா மாத்த வேண்டாமே' என்று அண்டா அளவுத் தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகலுக்கு வழி செய்யும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தில்தான் அந்தக் காற்று இருக்கிறது. தினம் ஊற்றினால் அந்த இடமெல்லாம் நீர் நிரம்பி வேர் மூச்சுத்திணறும். பிறகு பூஞ்சை பிடித்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். அத்தை வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகவே கிழமை பார்த்து ஊற்ற வேண்டாம், விரலை விட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரல் இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் போகட்டும். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியே வடிகிற வரை நிதானமாக ஊற்றுங்கள். தினம் அரை டம்ளர் தெளிப்பதைவிட, காய்ந்தபின் முழுக்க நனைப்பதே நல்லது. போனிடெயில் பாம் என்றால் மண் முழுக்கக் காய்ந்தபிறகுதான்.

பத்து அங்குலத் தொட்டியில் உள்ள ரப்பர் செடிக்குக் கோடையில் வாரம் இரண்டு லிட்டர், மழைக்காலத்தில் வாரம் ஒரு லிட்டருக்கும் குறைவு என்பது ஒரு தோராயக் கணக்கு. 15 லிட்டர் குடம் ஒன்று கோடையிலேயே ஒன்றரை மாதத்துக்கு வரும். அத்தை அதைவிடப் பல மடங்கு ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில் இந்தக் கணக்கு செடிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால்?

உப்புத் தண்ணீரில் நீர் மட்டும் ஆவியாகிப் போகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிவதும் இலை நுனி கருகுவதும் அதன் அடையாளங்கள்.

இங்கே பலர் செய்கிற ஒரு தவறு உண்டு. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பில் பெரும்பகுதி சேர்ந்து, இன்னும் கெட்டியாகி வருவதுதான் அந்தக் கழிவு நீர். அதைக் கக்கூஸ் கழுவவும் வாசல் கழுவவும் வையுங்கள். தொட்டிச் செடிக்கு வேண்டாம். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. அதில் உப்பு மிகக் குறைவு. அதைப் பிடித்து ஊற்றலாம்.

எல்லாவற்றிலும் நல்லது மழைத் தண்ணீர். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003ல் கட்டாயமாக்கப்பட்டது. மாடிக் குழாயில் இருந்து ஒரு டிரம் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி மூடிவைத்தால் ஒன்றிரண்டு செடிக்குப் பல மாதம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியையே ஒரு நாள் வெளியே வைத்துவிடுங்கள். மேலிருந்து கீழே வடிகிற மழை, வருஷம் பூராவும் சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மழை விட்டதும் வெயில் ஏறுவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

தட்டில் நிற்கிற தண்ணீர் எதற்கு ஆபத்து?

வீட்டில் உள்ளவர்களுக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். செடித் தட்டு அதற்கு வசதியான இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தட்டில் வடிந்த தண்ணீரை அன்றே கொட்டுங்கள். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னொன்று, ஆல் இனம் எல்லாவற்றிலும் பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படக்கூடாது. தவழ்கிற குழந்தையோ, இலையைக் கடிக்கிற நாய், பூனையோ வீட்டில் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். வெட்டியபின் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யுமா?

நர்சரியில் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். 1989ல் நாசாவுக்காக நடந்த ஒரு ஆய்வு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அது காற்றுப் புகாத சிறிய அடைப்புக்குள் செய்யப்பட்டது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் கணக்கிட்டார்கள். சாதாரண வீட்டில் காற்று வந்துபோகிற வேகத்துக்கு ஈடாகச் செடி சுத்தம் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியில் தொடங்கி 1,000 செடி வரை வைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஜன்னலைத் திறந்தாலே அந்த வேலை முடிந்துவிடும்.

'ராத்திரி செடி பக்கத்துல படுத்தா மூச்சு முட்டும்' என்பதும் உண்மை இல்லை. ஒரு தொட்டிச் செடி இரவில் வெளிவிடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதில் சின்னஞ்சிறு பங்குதான். பார்க்க அழகாக இருக்கிறது, கவனித்துக்கொள்ள ஒரு உயிர் இருக்கிறது என்பதற்காக வாங்குங்கள். அந்தக் காரணமே போதும்.

வருஷம் முழுக்க என்ன கவனிப்பு?

பங்குனி முதல் வைகாசி வரை: ஜன்னலில் இருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே தள்ளிவையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை மத்தியானத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். அந்த அறை வேண்டாம். இந்த நேரத்தில் தொட்டி மாற்றுவது, கிளை வெட்டுவது எதுவும் வேண்டாம்.

ஆனி, ஆடி: காற்று மாதம். வறண்ட காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மண்ணும் சீக்கிரம் காயும். விரல் சோதனையை அடிக்கடி செய்யுங்கள். இலையில் படியும் புழுதியை ஈரத்துணியால் துடையுங்கள். பளபளப்புக்குப் பாலோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். தூசி இன்னும் ஒட்டும்.

ஆவணி, புரட்டாசி: அனல் குறைந்து புது இலை வருகிற நேரம். தொட்டி மாற்ற, கிளை வெட்ட ஏற்றது. கைப்பிடி மண்புழு உரம் போடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ஐப்பசி முதல் தை வரை: மண் காயத் தாமதமாகும். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். வேர் அழுகல் அதிகம் வருவது இந்த மாதங்களில்தான்.

எப்போது வேண்டுமானாலும் இலைக்காம்பில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

வேர் அழுகிய செடியைக் காப்பாற்ற முடியுமா?

தண்டு உறுதியாக இருந்தால் முடியும். அத்தையும் நானும் செய்ததைச் சொல்கிறேன்.

செடியை வெளியே எடுத்து மண்ணை உதிர்த்தோம். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் கழன்று கையோடு வரும். அழுகியதை எல்லாம் கத்தரித்தோம். அந்தத் தொட்டியில் மூன்று தண்டுகள் இருந்தன. ஒன்று அடியில் கொழகொழத்துவிட்டது, அதை எடுத்துவிட்டோம். வேர் குறைந்துவிட்டதால் இலைச் சுமையையும் கொஞ்சம் குறைத்தோம். செம்மண் கலவை போட்டு, ஓட்டையுள்ள சின்ன மண் தொட்டியில் நட்டு, ஒருமுறை நனைத்து, டிவி பக்கத்தில் இருந்து கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினோம். உரம் எதுவும் போடவில்லை.

பிறகுதான் கஷ்டமான வேலை. அது அத்தைக்கு. "ஊத்தாம எப்பிடிய்யா இருக்கது? பாக்கப் பாவமா இருக்கு" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் பண்ணினார். "விரல விட்டுப் பாருங்க அத்தை. ஈரம் இருக்கா?" "இருக்கு." "அப்ப வேணாம்." இப்படியே மூன்று வாரம் போனது.

நாலாவது வாரம் அவரே கூப்பிட்டார். நுனியில் செவப்பா, மொளகா மாதிரி ஏதோ கூராக வருகிறது, பூச்சியா என்று கேட்டார். பூச்சி இல்லை. ரப்பர் செடியின் புது இலை அந்தச் சிவப்பு உறைக்குள் சுருண்டுதான் வரும். விரிந்ததும் உறை தானாக உதிர்ந்துவிடும்.

போன தண்டு போனதுதான். மகனிடம் அதைச் சொல்ல அத்தைக்கு இரண்டு நாள் ஆனது. அவன் கோபப்படவில்லையாம். தொட்டியைத் திருப்பி வைக்காமல், அந்தச் சிவப்பு நுனியைப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னானாம்.

சுருக்கமாக, வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. வைக்கப்போகிற இடத்தில் மத்தியானம் கை நிழல் விழுகிறதா?

2. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா?

3. ஊற்றப்போவது மழைத் தண்ணீரா, நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

4. இலையின் அடியில் பூச்சி இல்லாமல், நுனியில் புதுத் துளிரோடு இருக்கிறதா? பெரிய செடியைவிட இரண்டடிச் செடி விலையும் குறைவு, புது இடத்துக்கும் சீக்கிரம் பழகும்.

5. பரிசாகக் கொடுக்கிறீர்கள் என்றால், எப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டீர்களா?